கேம்ப் ரோட்ல நான் இறங்கிட்டேன், பெட்டி இறங்கல

டவுன் பஸ்ல டிரைவர் பக்கத்துல இருக்கற இன்ஜின் பானெட்டோட சூடு ஞாபகம் இருக்கா? 2003ல ஒரு காலைல, தாம்பரத்துல ஏறினதும் என் பச்சை சூட்கேஸை அதுக்குப் பக்கத்துலதான் வெச்சேன்...

ஊர்லேர்ந்து ரயில்ல வந்து இறங்கியிருந்தேன். பத்து மணிக்கு என் முதல் வேலைல ஜாயின் பண்ணணும். ஒரிஜினல் சர்டிபிகேட் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்ள. பக்கத்துல மீன் அன்னக்கூடையோட ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க. கண்டக்டர்கிட்ட, "ஒரு மேடவாக்கம், ஒரு லக்கேஜ்"னு கத்தி டிக்கெட் வாங்கினேன்.

செம கூட்டம். கேம்ப் ரோட்ல இறங்கறவங்களுக்கு வழி விடலாம்னு கீழ இறங்கி நின்னேன். திரும்ப ஏறறதுக்குள்ள விசில்...

பஸ் போயிடுச்சு. பெட்டியும்.

கைல மொபைலும் கிடையாது. பின்னாடி வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி அழுதுக்கிட்டே சொன்னேன். "ஏறும்மா, புடிச்சுரலாம்"னார் டிரைவர் அண்ணா. சொன்னாரே தவிர, ஸ்டாப் ஸ்டாப்பா நிறுத்தி ஆள் ஏத்தினார். எனக்கு உயிரே போச்சு.

மேடவாக்கத்துல பஸ்ஸைக் காணோம். ஆனா ஸ்டாப்ல அந்த மீன்கார அக்கா... என் சூட்கேஸ் மேல உக்காந்திருந்தாங்க!

"ஏம்மா, பொட்டிய வுட்டுட்டு எங்க எறங்குன? மேடவாக்கம்னு நீ டிக்கெட் கேட்டது காதுல வுழுந்துச்சு. அதான் இங்க எறக்கி வெச்சிகினு குந்தினுகீறேன்."

"நீங்க எங்கக்கா போகணும்?"

"செம்பாக்கம். அது எப்பவோ பூட்ச்சு. நீ மொதல்ல தொறந்து பாரு, எல்லாம் கீதான்னு."

திறந்தேன். மேலாப்லயே ஃபைல். அப்படியே தரைல உக்காந்து ஓன்னு அழுதுட்டேன்.

"கெடச்சப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? மீனு வேற சூடாவுது. வா, கூடைய தூக்கி வுடு."

தூக்கி அவங்க தலைல வெச்சேன். மீன் தண்ணி என் சுடிதார் கைல சொட்டுச்சு. பேர் கேக்கறதுக்குள்ள ரோடு தாண்டி எதிர் பஸ்ல ஏறிட்டாங்க.

தங்கறதுக்குப் பார்த்து வெச்சிருந்த ஹாஸ்டல்ல பெட்டியைப் போட்டுட்டு, கைய மட்டும் அலசிக்கிட்டு ஓடினேன். சரியா பத்துக்கு ஜாயின் பண்ணிட்டேன். ஃபைலை வாங்கின மேடம் மூக்கைச் சுளிச்சாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு...

இப்பல்லாம் தாம்பரத்துல இறங்கினா கேப்தான். டிக்கில லக்கேஜ், ஏசி, நேரா வீட்டு வாசல். நிம்மதியா இருக்கு, பொய் சொல்லல.

ஆனா செம்பாக்கம் சிக்னல்ல நிக்கறப்ப மட்டும் கண்ணாடிய இறக்கி, ஸ்டாப்ல நிக்கறவங்க முகத்தையெல்லாம் ஒரு தடவை பார்த்துடுவேன்.