கிராமத்துக்காரி மாதிரி பேசுங்கம்மா

என் ஊர் கச்சிராயபாளையம். கோமுகி அணைக்குக் கீழே நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாயைத் திறந்தால் எங்களை யாரும் கிராமத்துக்காரர்கள் என்று நம்ப மாட்டார்கள்.

கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த அன்று, அறைக்கு வந்த பெண்ணிடம் மிகுந்த மரியாதையோடு, "குந்துங்க. இன்னாங்க சாப்புட்டீங்க?" என்று கேட்டேன். அவள் உட்காரவில்லை. "நீங்க மெட்ராஸ்ல எந்த ஏரியாங்க?" என்றாள். பயந்துபோயிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. 'இன்னா' என்ற சொல்லை அவள் சினிமாவில் மட்டுமே கேட்டிருக்கிறாள். அதைச் சொல்கிறவன் அடுத்து சைக்கிள் செயினை எடுப்பான் என்பது அவளுடைய அனுபவம். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட 'ங்க'வெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை.

அதன்பின் விடுதியில் 'என்ன' என்று பேசப் பழகிக்கொண்டேன். விடுமுறைக்கு வரும்போது பஸ் ஆத்தூரைத் தாண்டியதும் அது தானாக 'இன்னா' ஆகிவிடும்.

படித்து முடித்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை ஆனேன். பிள்ளைகள் 'வூடு' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பேன். அதே 'வூடு' என் கதைகளில் வரும். அங்கே அதற்கு வட்டார வழக்கு என்று பெயர், விடைத்தாளில் பிழை என்று பெயர். இரண்டு வேலையையும் மனசாட்சி உறுத்தாமல் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்த சினிமாக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள்.

பேசியவர் உதவி இயக்குநர். நல்ல பையன், குரலிலேயே பணிவு. கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் இப்போதெல்லாம் சாராயச் சாவைப் பற்றித்தான் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இவர் கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"எங்க டைரக்டர் கல்வராயன் மலையில ஒரு படம் பண்றார் மேடம். மண்ணோட படம். பேச்சு நூறு சதவீதம் ஒரிஜினலா இருக்கணும்னு சொல்லிட்டார். நீங்க கூட இருந்து பாத்துக்கணும்."

நான் அன்று தரையில் நடக்கவில்லை. எங்கள் பேச்சை அடியாள் வாயிலிருந்து பிடுங்கி ஓர் அம்மாவின் வாயில் வைக்கப்போகிறார்கள், அதற்கு நானே காவல் என்று நினைத்துக்கொண்டேன்.

இயக்குநர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். தாடியை நீவிக்கொண்டு மெதுவாகப் பேசுவார். பட்டணத்துக்குப் போன மகன் பல வருஷம் கழித்து மலைக்கிராமத்துக்குத் திரும்புவதுதான் கதை. அம்மா வேடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர், எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மாட்டுக்குக் கரும்புச் சோகை சுமந்துபோன ஒருத்தியைப் பார்த்து, "இந்த முகம்தான்" என்று காரை நிறுத்திவிட்டார்.

அந்த முகம் எங்கள் எதிர்வீட்டுச் சித்தியுடையது. சித்தி என்பது நான் கூப்பிடுகிற முறை. கரும்பு வெட்டும் களையெடுப்பும் அவள் வேலை. முகத்தைவிட அவளுக்குப் பேர்போனது குரல். வரப்பில் நின்று அவள் ஆட்டைக் கூப்பிட்டால் அடுத்த கழனியில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். நடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னபோது, "நானா? நானு இன்னா தெரியும்னு வரது?" என்றாள். ஆனால் அன்று சாயங்காலமே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள்.

படப்பிடிப்பு கரியாலூரில். அருவிக்குப் போகிற பாதையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மலைக்காரர்களையும் நடிக்கக் கேட்டிருக்கிறார்கள். "மரவள்ளிக் கெழங்கு புடுங்கற நேரம், யாருக்குப் பொழுது கீது?" என்று சொல்லிவிட்டார்களாம். எனவே மலைக்கிராமத்துப் படத்தில் மலைக்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் நடித்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களை வேனில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். வளைவு தாங்காமல் பாதிப்பேர் வாந்தியெடுத்தார்கள். சித்தி மட்டும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு வசனம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. "ரொம்ப வருஷம் கழிச்சு உங்க புள்ள வர்றான். மனசுல என்ன தோணுதோ அதப் பேசுங்கம்மா" என்றார் இயக்குநர். இவரல்லவா கலைஞர் என்று நினைத்தேன்.

கேமரா ஓடியது. கதாநாயகன் பையோடு உள்ளே வந்தான். சித்தி கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடா, இப்பத்தான் வூடு தெரிஞ்சிதா? வழி கேட்டுக்கினு வந்தியா? இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? போய்க் கை கால் கழுவிக்கினு வா, சோறு துன்னலாம்."

எங்கள் தெருவில் எல்லா அம்மாவும் இப்படித்தான். சண்டை போல ஆரம்பித்துச் சோற்றில் கொண்டுவந்து விடுவார்கள்.

"கட்" என்றார் இயக்குநர். அவர் முகத்தில் வருத்தம். "அம்மா, இந்தச் சென்னை பாஷையெல்லாம் வேணாம்மா. சினிமா பாத்துட்டுப் பேசாதீங்க. நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க."

"வூட்ல இப்டித்தாங்க பேசுவேன்."

"இல்லம்மா. கிராமத்துக்காரி மாதிரி பேசுங்க."

சித்தி தன் புடவையைப் பார்த்தாள். கையிலிருந்த முறத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப நான் இன்னா, கலெக்டரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் முன்னால் போய், இதுதான் சார் இந்தப் பக்கத்துப் பேச்சு, சென்னைக்கும் எங்களுக்கும் பேச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம் மேடம். ஆனா ஒரிஜினலா இல்லயே. தியேட்டர்ல பாக்கறவங்க, இந்தம்மா வட்டி வசூலுக்கு வந்திருக்குன்னு நெனச்சுடுவாங்க. கிராமத்து அம்மான்னா ஒரு ஈரம் வேணும்."

அந்த ஈரத்தை அவரே அங்கேயே எழுதினார். "ஏலே ராசா, வந்துட்டியாய்யா! இந்த ஆத்தாள மறந்துட்டியேப்பு!" திருநெல்வேலியில் ஏறி, மதுரை வழியாக, சிவகங்கையில் இறங்குகிற வசனம். நடுவில் பஸ் மாறக்கூட வேண்டியதில்லை. அதைச் சித்திக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு என்றார்கள். ஆக, கச்சிராயபாளையத்துக்காரி கச்சிராயபாளையத்துக்காரியாகத் தெரிவதற்கு, கல்வராயன் மலைமேல் வைத்து நான் தென்மாவட்டத் தமிழ் கற்றுக்கொடுத்தேன்.

பலாமரத்தடியில் எங்கள் வகுப்பு நடந்தது.

"ஏலேன்னா இன்னாடி?"

"டேய்னு அர்த்தம் சித்தி."

"அப்ப டேய்னே சொல்லிட்டுப் போறேன். அப்புன்னா?"

"செல்லமா கூப்புடறது."

சித்தி வாயில் கைவைத்தாள். "நம்மூர்ல அப்புறதுன்னா செவுள்ல வுடறதுடி! புள்ள வந்ததும் வராததுமா அடிக்கவா சொல்றான் அந்தாளு?"

அந்த வீட்டுக்காரர் தோளில் மண்வெட்டியோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எந்த ஊருக் கதைங்க?" என்று என்னிடம் கேட்டார். "உங்க ஊருக் கதைதாங்க" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மதியம் தாண்டியும் சித்திக்கு அது வசப்படவில்லை. 'ராசா' வந்தால் 'அப்பு' போய்விடும். கடைசியில் ஒருமுறை சொல்லும்போது பாதியிலேயே குரல் உடைந்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். கதாநாயகன் அவள் காலைத் தொட்டான்.

வேனில் மலையிறங்கி வரும்போது, "எப்படி சித்தி அழுகை வந்துச்சு?" என்று கேட்டேன்.

"காலயிலேர்ந்து ஒரே பேச்ச சொல்லச் சொல்லிக்கினு இருந்தா யாருக்குத்தான் அழுவ வராது? ஆட்ட வேற கட்டிப்போட்டுட்டு வந்துட்டன். ரவ தண்ணி காட்டக்கூட ஆளில்ல அதுக்கு."

அடுத்த சில வாரங்களுக்கு எங்கள் ஊர்க் கழனிகளில் புதுத் தமிழ் ஓடியது. களையெடுக்கிற பெண்கள் சித்தியைக் கிண்டல் செய்வதற்காக ஆரம்பித்தார்கள். "ஏலே ராசாத்தி, வெத்தல கீதாப்பு?" என்று ஒருத்தி கேட்பாள். "கீதுய்யா" என்று இன்னொருத்தி மடியை அவிழ்ப்பாள். சித்தி மட்டும் சிரிக்க மாட்டாள். "ஏன்டி, நான் எவ்ளோ கஷ்டப்பட்டுக் கத்துக்கினேன்" என்பாள். அந்த ஒரு வரியின்மேல் அவளுக்கு ஒரு பெருமை வந்துவிட்டிருந்தது. தெருவில் போகும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

படம் கள்ளக்குறிச்சிக்கு வந்ததும் எங்கள் தெருவே வேன் பிடித்துப் போயிற்று. சித்தி தீபாவளிப் புடவையைக் கட்டியிருந்தாள். அவள் முகம் திரை முழுக்க வந்தபோது எங்கள் வரிசையில் விசில் பறந்தது. முகம் அழுதது, உதடு அசைந்தது. ஆனால் கேட்டது வேறு யாருடையதோ குரல். தேனில் நனைத்த மாதிரி, மெல்லிசாக, நிஜமான தெற்கத்திக் குரல். விசில் நின்றுவிட்டது.

"யாருடி அவ?" என்றாள் சித்தி. "என் வாயிக்குள்ள குந்திக்கினு பேசறவ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இடைவேளையில் வாங்கிக் கொடுத்த முறுக்கையும் தொடவில்லை. எனக்கு அவள் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு கதை சென்னைக்குப் போனது. மீன் மார்க்கெட்டில் ரவுடிகள் நுழைகிறார்கள். கூடைகளுக்கு நடுவே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு மீன்காரி திரும்பாமலே ஒரு ரவுடியை அதட்டுகிறாள்: "இன்னாடா, இப்பத்தான் வூடு தெரிஞ்சிதா? வழி கேட்டுக்கினு வந்தியா?"

சித்தி சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். "அய்ய! அது நான்டி!"

அவள்தான். ஆட்டைக் கூப்பிடுகிற அதே குரல். ரவுடி தலையைக் குனிந்துகொண்டு போனான். தியேட்டரில் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமல்ல, மற்றவர்களும் கைதட்டினார்கள். படத்தில் அதுவரை வந்த யாரையும்விட அந்த முகம் தெரியாத மீன்காரி அவர்களுக்கு நெருங்கியவளாக இருந்திருக்க வேண்டும். பின்வரிசையில் யாரோ, "நம்மூரு பொம்பளடா!" என்று கத்தினார்கள்.

மறுநாள் உதவி இயக்குநரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் மறைக்காமல் சொன்னார். "லொகேஷன்ல ரெக்கார்ட் ஆனது கெடந்துச்சு மேடம். மார்க்கெட் சீனுக்கு எந்தக் குரல வச்சாலும் செட் ஆகல. இதப் போட்டதும் டைரக்டர் குதிச்சுட்டார். அக்மார்க் மெட்ராஸ் வாய்ஸ்னு சொன்னார்."

முகம் தெற்கே ஒரு வேலைக்கும் குரல் வடக்கே ஒரு வேலைக்கும் போய்விட்டன. கச்சிராயபாளையத்துக்கு என்று அந்தப் படத்தில் மிஞ்சியது என் பெயர் மட்டும்தான். எல்லாம் முடிந்து திரை இருட்டாகும்போது, 'வட்டார வழக்கு ஆலோசனை' என்று போட்டு என் பெயர் வேகமாக மேலே போனது. கல்வராயன் மலையின் பேச்சு மொழியை அச்சு அசலாகப் பதிவு செய்த படம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். பள்ளியில் காலை வழிபாட்டின்போது தாளாளர் எனக்குச் சால்வை போர்த்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எது சரியான தமிழ் என்று அவர்கள் அன்று என்னிடம் கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

கரியாலூருக்குப் போய்வருகிறவர்கள் சொல்வார்கள், அருவிப் பக்கத்து டீக்கடைக்காரர் இப்போது "வாங்கய்யா, டீ குடிக்கியளா?" என்றுதான் வரவேற்கிறாராம். நானே ஒருமுறை போய்க் கேட்டேன். "இன்னா பண்றதுங்க?" என்றார், வெளியூர்க்காரர்களுக்குக் கேட்காதபடி. "நம்ம பேச்சு பேசனா, பொழைக்க வந்த ஆளுன்னு நெனச்சிக்கினு போயிடறாங்க. இப்டி பேசனா மலைத்தேன் கேட்டு வாங்கறாங்க."

சித்தியின் விஷயம்தான் நான் எதிர்பாராத வழியில் போயிற்று. அந்த உதவி இயக்குநர் இப்போது தனியாகப் படம் எடுக்கிறார், வடசென்னைக் கதை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க சித்திய அனுப்ப முடியுமா மேடம்? டப்பிங்குக்கு" என்றார். சித்தி தயங்குவாள் என்று நினைத்தேன். ஆட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாற்றுப் புடவையோடு வந்து நின்றாள். தெருவே பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பியது.

திரும்பி வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். கண்ணாடி ரூமில் காதில் ஒன்றை மாட்டிவிட்டார்களாம். ஏ.சி. எலும்பு வரைக்கும் போனதாம். யாரும் எதையும் திருத்தவில்லையாம். வாயைத் திறந்தாலே 'சூப்பர்' என்றார்களாம்.

"அங்க ஆளா இல்ல சித்தி? இங்கேர்ந்து ஏன் கூப்புட்டாங்க?" என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டன்" என்றாள். "அங்க எல்லாம் டிவியில நியூசு படிக்கறாப்ல பேசறாங்க, இல்லன்னா இங்கிலீசு. மெட்ராஸ் பேச்சு பேச மெட்ராஸ்ல ஆளு ரொம்ப கம்மியாப் போச்சாம். நம்ம பக்கம்தான் ஜாஸ்தி கீதாம்."

சொல்லிவிட்டு, ஆட்டுக்கு வேளைக்குத் தழை போட்டார்களா இல்லையா என்று பக்கத்து வீட்டில் சண்டை பிடிக்கப் போனாள்.