பச்சையம்மாள் வாளியில் நான் ஒளித்த அரிசி

என் மனைவி பச்சையம்மாள் பதினேழு நாள் சிரம்பான் லாக்கப்பில் கிடந்தாள். அவள் அங்கே போனதற்கு நான்தான் காரணம். மாரியம்மன் பிள்ளைகளான உங்களிடம் இதை மறைத்து வைத்துக்கொண்டு அம்மன் கருணையைப் பற்றி மட்டும் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். சுவா ஊருக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை. ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் குற்றம்.

நான் அப்போது பெரிய குடிகாரன். தோட்டத்துக் கள்ளுக்கடை எனக்குப் போதவில்லை. நாங்கள் பால் வெட்டும் வெட்டுக்காட்டுக்கு அந்தப்பக்கம் ஒருவன் திருட்டுத்தனமாகச் சம்சு காய்ச்சினான். அரிசியில் காய்ச்சும் சாராயம் அது. அவன் காசு வாங்கமாட்டான், அரிசிதான் கேட்பான்.

கேட்டில் என் பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். என் பெயர் அப்படி. பச்சையம்மாள் வாளியை யாரும் தொடமாட்டார்கள். அவள் பெயர் அப்படி. அந்த நல்ல பெயரைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன். அவளுக்குத் தெரியாமல் அரிசியைத் துணியில் முடிந்து அவள் வாளியின் அடியில் வைத்து, மேலே சாக்குத்துண்டைப் போட்டு மூடிவிடுவேன். காட்டுக்குள் போனதும் எடுத்துக்கொள்வேன். அது எங்கள் மகள் செல்வியின் பங்கு அரிசி. அவளுக்கு அப்போது ஆறு வயது.

நான்கு முறை தப்பித்தேன். ஐந்தாம் முறை, பெண்களைச் சோதிக்க வந்திருந்தவள் புதியவள். சாக்கை எடுத்தாள். முடிச்சு வெளியே வந்தது.

பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு பேர் தள்ளி நின்றேன். அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் வேலைக்குப் போனேன். சொல்ல நாக்கு கூசுகிறது. அன்றைக்கு என் மரங்களில் ஒன்று விடாமல் பால் வெட்டி முடித்தேன்.

பிறகு இரண்டு வாரம் கள்ளுக்கடையே கதியாகக் கிடந்தேன். செல்வியைப் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா பார்த்துக்கொண்டது. காட்டுக்காரர்களுக்கு உதவியவர்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவதாகப் பேச்சு அடிபட்டது. பச்சையம்மாள் இங்கேயே பிறந்தவள். இந்தியாவில் அவளுக்கு யாரைத் தெரியும்? பயத்தில் போய்த் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் உண்மையைச் சொன்னேன். குடித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் காது கொடுக்கவே இல்லை. "போதையில உளர்றான், வெளிய அனுப்பு" என்றார். நான் சொல்லும் உண்மைக்குக்கூட மதிப்பு இல்லாமல் போயிருந்தது.

மறுநாள் குடிக்கவில்லை. உடம்பெல்லாம் வேர்த்தது. அதற்கடுத்த நாள் மத்தியானம், எல்லாரும் பால் நிறுக்கப் போயிருந்த நேரம், லயத்து மாரியம்மன் கோயிலில் போய் விழுந்தேன். "தாயே, என்னை மன்னிக்கச் சொல்லலை. நான் சொல்றத ஒருத்தராவது நம்பணும். அதுக்கு ஒரு வழி காட்டு" என்று அழுதேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. கட்டியிருந்த வேட்டியைத் தூக்கி முகத்தைத் துடைத்தபோது அதன் ஓரம் கிழிந்திருந்தது. குடிபோதையில் எந்தத் துணியில் அரிசியை முடிந்தேன் என்பதையே மறந்திருந்தேன். இந்த வேட்டியில்தான் கிழித்திருக்கிறேன்! அந்தத் துண்டு போலீஸ் கையில் இருக்கிறது.

அது தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். அம்மன்தான் காட்டினாள் என்று நான் நம்புகிறேன்.

குளித்து, நிதானமாக, வேட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கிராணி இந்த முறை என்னை உட்காரவைத்துக் கேட்டார். அவரே சிரம்பானுக்குக் கூட்டிப்போனார். போலீஸ் அதிகாரி அந்த முடிச்சுத் துணியை மேசையில் விரித்து என் வேட்டியோடு சேர்த்துப் பார்த்தார். கிழிசல் பொருந்தியது. பச்சையம்மாளை விட்டார்கள். என்னை உள்ளே வைத்தார்கள். வெளியே போகும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் ஜெயில். உடம்பு சில வாரத்தில் தெளிந்துவிட்டது. மனசுதான் தெளியவில்லை. குடித்துக்கொண்டிருந்தவரை எதுவும் என்னைக் குத்தவில்லை. குடி போனதும் கேட்டில் அவள் திரும்பிப் பார்த்த பார்வை தினமும் வந்து நின்றது. அதைத் தாங்க முடியாமல் மறுபடி குடிக்கத் தோன்றும். தோன்றும்போதெல்லாம் அம்மனைக் கூப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது செல்வி என்னைக் கண்டு அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள். பச்சையம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் என் கண்முன்னால் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டுவாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

நான்கு மாதம் கழித்து, ஒரு சம்பள நாளில் கள்ளுக்கடைக்குள் போய்விட்டேன். இதையும் மறைக்கமாட்டேன். ஒரு மங்குக் கிண்ணம் கள்ளு குடித்தேன். அடுத்ததை ஊற்ற வந்தபோது எழுந்து நேராக வீட்டுக்கு வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் குடிச்சிட்டேன், பச்ச" என்றேன்.

அவள் கை நின்றது. பிறகு, "கேக்காமலே வந்து உண்மைய சொல்றீங்க. இதுதான் மொத தடவ" என்றாள். "நாளைக்குக் குடிக்காதீங்க."

அந்த நாளுக்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

வேலியெல்லாம் எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பச்சையம்மாள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். "சரி" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. செல்வி நல்லபடியாகக் கல்யாணம் கட்டிக்கொண்டு போர்ட்டிக்சனில் இருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள், சாப்பாடு போடுவாள், அதிகம் பேசமாட்டாள். அவளிடம் நான் என்ன கேட்க முடியும்? என் மனைவியைத் திருப்பிக் கொடுத்தாள் அம்மன். என்னையும் மனுஷனாக்கினாள். நான் இழந்ததையெல்லாம் திருப்பிக் கொடு என்று அம்மனிடம் கேட்க எனக்கு முகம் இல்லை.

உங்களில் யாராவது இன்றும் குடியை விட முடியாமல் இருந்தால் கோயிலுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை காலையில் நான்தான் வாசல் கூட்டுவேன். குடித்த வாயோடு வந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்காருகிறேன். யாருக்கு என்ன செய்தீர்களோ, அதை அம்மனிடம் சொல்லுங்கள். பிறகு, அந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே, வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லுங்கள்.