ஏரி உறையும் வாரம்

அக்கா பேருந்து ஓட்டுநர். தம்பியோடு கார் கேம் ஆடும்போதும் அடிக்கடி பின்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பாள்.

“எவனாவது டிக்கெட் எடுக்காம தொத்திட்டு வர்றானான்னு பாக்குறியாக்கா?” என்று சிரித்துக்கொண்டே அவன் முந்திப் போவான்.

அந்த விளையாட்டில் வாரத்துக்கொரு பருவம். “பனிக்காலம் வரட்டும்க்கா, ஏரி உறைஞ்சிடும். நடுவுல இருக்கிற தீவுக்கே ஓட்டிட்டுப் போயிடலாம்” என்று சொல்லியிருந்தான். இலையுதிர்கால வாரத்திலேயே இறந்துபோனான்.

பனி வந்தது. அவனுக்காகத் தீவைத் தொட்டுவிட வேண்டுமென்று, வேறு யாரும் ஆட்டத்துக்குள் வராதபடி இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தனியாக ஏரியில் காரை இறக்கினாள். பாதி தூரத்தில், பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் காரின் தடத்தை ஒட்டியே இன்னொரு தடம் பனியில் நீண்டுகொண்டு வந்தது. கார் எதுவும் இல்லை.

ஒதுங்கி நிறுத்தினாள்.

“முந்திப் போடா” என்றாள்.

தடமும் நின்றது. முந்தவேயில்லை.