தென்துருவத்தைத் திருத்த ராஸ் அல் கைமாவுக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஓர் அச்சகத்தில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். ராஸ் அல் கைமாவுக்கு முதன்முதலாகப் போனது ஊர் பார்க்க அல்ல, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள. அங்குள்ள ஒரு பள்ளிக்கு நான் வரைந்த பன்னிரண்டு அண்டார்டிகா சுவர்ப்படங்கள் புதனன்றே போய்விட்டன. வெள்ளி காலை, ரூமில் ஒட்டியிருந்த மிச்சப் பிரதியைப் பார்த்த ரூம்மேட், தூத்துக்குடி ஜேசுதாசன், "நடுவுல தென்துருவம்னா சுத்தி எல்லாப் பக்கமும் வடக்குதானல? மேல மட்டும் எதுக்கு அம்பு?" என்றான்.

பகீரென்றது. சைட் பிளான் வரைந்து பழகிய பாழாய்ப்போன கை, தாளைக் கண்டதும் மேலே வடக்கு அம்பைப் போட்டுவிட்டது. இன்னொரு தப்பு வந்தால் விசா கேன்சல் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். சனி காலை ஏழரைக்குப் பள்ளி திறக்கும். அதற்குள் யாருக்கும் தெரியாமல் சுரண்டிவிடுவது என்று பிளேடோடு கிளம்பினேன்.

ஷேர் டாக்ஸி எட்டரைக்கு. எண்பத்தைந்து கிலோமீட்டர், பதினைந்து திர்ஹம், ஒன்றேகால் மணி நேரம். ஊர் நெருங்கும்போது வலப்பக்கம் மொட்டை மலைகள் எழும். பெயர் கேட்டேன். "நாம் க்யா, பஹாட் ஹை பாய்" என்றார் பட்டாணி டிரைவர். மலைக்கு மலை என்றுதான் பெயராம். நான் வரைந்த மலைத்தொடர் மூவாயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓடிக் கண்டத்தையே இரண்டாக வெட்டுகிறது. மொத்தத் தொடரின் பெயருக்கு 'அண்டார்டிகாவைக் குறுக்கே கடப்பது' என்றுதான் பொருள். துண்டுகளுக்கோ ராஜா, ராணி, கப்பல் கேப்டன், பயணத்துக்குப் பணம் கொடுத்தவர் என்று ஏகப்பட்ட பெயர்கள். குடியிருக்க ஓர் ஆள் கிடையாது! அத்தனையையும் மலையின் வளைவுக்கு வளைத்து எழுதியதில் எனக்குக் கண்ணே பூத்துப்போனது. அதிலெல்லாம் பிசகாமல் அம்பில் கோட்டை விட்டிருந்தேன்.

பள்ளிக் குவார்ட்டர்ஸில் இருந்த புவியியல் டீச்சர் ஸ்டெல்லா, நாகர்கோவில்காரர். சின்ன டச்சப் என்று மழுப்பினேன். வகுப்பைத் திறந்துவிட்டுப் போனவர், முதல் படத்தைச் சுரண்டி முடிக்கையில் டீயோடு வந்து நின்றார். மறைக்க வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேல இருக்க அம்பு தப்பில்லையே. மத்த மூணு பக்கமும் போடுங்க. ஆனா யாரு திருத்தினதுன்னு டெலிவரி நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க."

அந்த நோட்டு முதலாளி மேஜைக்குத்தான் போகும். பயத்தில் டீ ஆறிப்போனது. ஆனது ஆகட்டும் என்று உட்கார்ந்து, சுரண்டியதையும் சேர்த்து முப்பத்தேழு அம்புகள் வரைந்து, கையெழுத்தும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை போகிறவர்கள் எட்டுக்கு முன் கிளம்புங்கள். ஜும்மா தொழுகை முடியும்வரை திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம், சாப்பாட்டுக் கடையும் மூடியிருக்கும். நான் வெறும் வயிற்றோடு நாலரைக்குத்தான் ஏறினேன்.

சனிக்கிழமை, கீழக்கரைக்காரரான முதலாளி நோட்டை இரண்டு தடவை வாசித்தார்.

"அந்த ஸ்கூல்ல வடதுருவப் படமும் கேக்குறாங்க," என்றார். "அதுல வடக்கு அம்பை எங்க போடுவீங்க, தம்பி?"

"நாலு பக்கமும், முதலாளி. நடுவைப் பார்த்து."

ஆர்டர் தாளை என் பக்கம் தள்ளினார்.