கஞ்சி கூடிப்போன மேசைவிரிப்பு

நானூறு ஆண்டுப் பழைய ஓவியத்தின் முன் நின்று, "கஞ்சி ஒரு பிடி கூடிப்போச்சு" என்று குறை சொல்லும் ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் டப்ளின் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போனால் பார்க்கலாம். பெயர் டிம்ப்னா கெராட்டி. வயது ஐம்பத்தாறு. லிஃபி ஆற்றோரத்து விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் பெரிய இஸ்திரி உருளை அவர் பொறுப்பு. இரண்டு முன்கைகளிலும் ஒரு முடி கிடையாது. சூடு தின்றுவிட்டது.

டிம்ப்னா முகங்களைப் பார்ப்பதில்லை. துணியைத்தான் பார்ப்பார். வாளும் பதக்கமுமாக நிற்கும் தளபதியிடம், "முகத்துல வீரம் வழியுது, கை மடிப்புல அழுக்கு வழியுது. பொண்டாட்டி ஊர்ல இல்ல போல" என்பார். மாட்டுக் கொட்டகையில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் மாதாவின் முன் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். "பிள்ளை பெத்த மறுநாள் இவ்வளவு வெள்ளைத் துணியா? யாரோ துவைச்சுக் குடுத்திருக்கா. தேவதூதன், ஆடு, மாடு எல்லாத்துக்கும் இடம் இருக்கு. அவளைக் காணோம்."

காவலாளி ஃபின்டனுக்கு இதெல்லாம் பழக்கம். "இன்னைக்கு யார் வீட்டுச் சலவை சரியில்லைங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வணக்கமே சொல்வார்.

கடைசி அறையில், கதவை ஒட்டி, டச்சுக்காரர் வரைந்த மேசை ஒன்று இருக்கிறது. அப்பம், வெட்டிய எலுமிச்சை, தட்டில் ஒரு மீன், கீழே வெள்ளை விரிப்பு. மனிதர் யாரும் இல்லை. உடன் வேலை செய்யும் பெண்களை இதன் முன்னால் ஒரு தடவையாவது நிறுத்திவிட வேண்டும் என்று டிம்ப்னா மூன்று ஆண்டுகள் நச்சரித்தார். "வாரம் ஆறு நாள் பாக்கறது போதாதா? ஞாயித்துக்கிழமையும் துணியையா பாக்கணும்?" என்பார்கள். அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் நாம் எதற்கு என்ற தயக்கமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன மாதம் ஒருவழியாகப் பதினொரு பேர் சம்மதித்தார்கள். பங்குக் கோவிலின் வேன் கிடைத்தது. வேனோடு சேர்ந்து பங்குத்தந்தை லார்க்கினும் கிடைத்தார்.

மேசை ஓவியத்தின் முன் டிம்ப்னா வாயைத் திறக்குமுன் தந்தை திறந்துவிட்டார். "கவனிங்கம்மா. மீன், அப்பம். விரிப்புல என்ன தெரியுது? சிலுவை. வரைஞ்சவர் தன் விசுவாசத்தை எவ்வளவு நாசூக்கா மறைச்சு வச்சிருக்கார் பாருங்க." இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழ்த்தளத்தில் தேநீர்க்கடை இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் ஒரு நிமிடம் விட்டால் எல்லோரும் படியிறங்கிவிடுவார்கள். தங்கள் கை வேலை அந்தச் சுவரில் தொங்குவதைப் பார்க்காமலே போய்விடுவார்கள். இன்னொரு வேன் வராது. டிம்ப்னாவின் காது சிவந்தது.

"ஃபாதர், அது மடிப்பு."

"என்னது?"

"மடிப்புக் கோடு. நாலா மடிச்சு, அழுத்தி, அலமாரியில வச்சிருந்து, அப்பத்தான் எடுத்து விரிச்சிருக்காங்க."

தந்தை சிரித்தார். "டிம்ப்னா, உன் கண்ணுக்கு எல்லாமே துணிதான்."

"ஆமா ஃபாதர். உங்க கண்ணுக்கு எல்லாமே சிலுவை. ரெண்டு பேர் பொழப்பும் அப்படி."

யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். உருளையின் மறுபக்கம் நின்று துணி வாங்கும் அசம்ப்டாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்போ நம்ம கோவில் பலிபீடத்து விரிப்புலயும் சிலுவை தெரியுதே? ஈஸ்டர் பிரசங்கத்துல ஃபாதர் அரை மணி நேரம் சொன்னாரே?"

"அதை மடிக்கறது நான்டி. சனிக்கிழமை, டிவி பாத்துக்கிட்டே."

இந்த முறை ஒருவரும் இருமவில்லை, வாய்விட்டே சிரித்தார்கள். தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரை மணி நேரமெல்லாம் இல்ல. இருபது நிமிஷம்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் குருமடத்தில் எட்டு வருடம் படித்தவருக்குத் துணி மடிக்க ஒருவரும் கற்றுத்தரவில்லை. மடிப்பவளின் கை எங்கும் தெரியாத இடத்தில்தான் அற்புதங்கள் முளைக்கின்றன.

தேநீரை மறந்து பெண்கள் ஓவியத்தை நெருங்கினார்கள். பதினொரு ஜோடிக் கண்களும் இப்போது வேலை பார்த்தன. நூல் நயம், கஞ்சி, ஓரத் தையல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். அசம்ப்டாதான் கண்டுபிடித்தார்.

"கோடு நடுவுல விழல, பாருங்கடி. ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது."

"ஆமா."

"இவ்வளவு பெரிய விரிப்பு. பாவி, தனியா மடிச்சிருக்கா."

சலவைக்கூடத்தில் எந்தப் பெரிய விரிப்பையும் ஒருத்தி தனியாக மடிப்பதில்லை; மறுமுனையை இன்னொருத்தி பிடித்துக்கொள்வாள். அசம்ப்டா இரண்டு கைகளையும் ஓவியத்தை நோக்கி நீட்டினார், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பற்றிக்கொண்டிருப்பது போல. தள்ளி நிற்கச் சொல்ல வேண்டிய ஃபின்டன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த ஊரிலாவது, எந்த ஓவியத்தின் முன்னாலாவது நிற்க நேர்ந்தால், வரைந்தவன் பெயரைப் படிக்குமுன் நீங்களும் ஒரு நிமிடம் அந்த மறுமுனையைப் பிடியுங்கள்.