மூட்டை தூக்குகிறவனுக்கு நெஞ்சு வளர்த்த கதை

சோற்றுக்கடைக்காரிக்குத் தன் வயிற்றைப் பற்றிக் கவலை கிடையாது. ஊரில் இருக்கிற மற்ற வயிறெல்லாம் அவள் கவலைதான். தென்காசியில் அரிசி மண்டிகள் இருக்கும் தெருவில், மூட்டை தூக்குகிற ஆட்களை நம்பி நான் கடை வைத்திருந்தேன். ஆனி, ஆடியில் மண்டியில் வேலை படுத்துவிடும். அப்போது சட்டி பானையை வண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்குப் போய், அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு இட்லி விற்பேன். யுத்தத்துக்கு முன்னால், அரிசிக்குக் கட்டுப்பாடு வராத காலம் அது.

பகலெல்லாம் முதுகு ஒடிய வேலை செய்கிற ஒருவனுக்குச் சமைத்துப் போட்டு, "தின்கிற சோறெல்லாம் எங்கே போகிறது, உடம்பில் ஒட்டவில்லையே" என்று தவித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

சணலில் ஒரு முடிச்சு

என் தம்பி இசக்கிமுத்து மண்டியில் மூட்டை தூக்கினான். அப்பா அம்மா போய்விட்டார்கள், என் புருஷனும் நிலைக்கவில்லை. எனக்கு அவன், அவனுக்கு நான். கையும் காலும் முறுக்கின வடம் மாதிரி இருக்கும். நெஞ்சு மட்டும் ஒடுங்கல். அச்சன்புதூரில் இருந்த எங்கள் மாமா, மாதச் சம்பளக்காரனுக்குத்தான் மகளைக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் பேச்சியம்மாளின் மேல் இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிரியம். அவளுக்கும்தான். கையெழுத்துப் போடத் தெரிந்த அளவுக்கே படித்தவனுக்கு மாதச் சம்பளம் வேண்டுமென்றால் போலீஸ் ஒன்றுதான் வழி.

கடைக்குச் சாப்பிட வருகிற ஏட்டையா ஒருவரிடம் விசாரித்தேன். அவர் இசக்கியை ஏற இறங்கப் பார்த்தார். உயரம் போதும், நெஞ்சளவு போதாது என்றார். மூட்டை தைக்கிற சணலில் ஒரு துண்டு எடுத்து, போலீஸுக்கு வேண்டிய அளவில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். சணலை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து நுனியை முடிச்சோடு சேர்த்தால், உள்ளே என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. நான் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டேன். ஏட்டையா கை கழுவிக்கொண்டே சொன்னார்: “இது நெஞ்சை இறுக்கிப் பிடிக்குத அன்னைக்கு அவனைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் மீன்கொழம்புக்கு மட்டும் நான் வந்துட்டுப் போறேன்.”

தின்றது யார்?

மேலகரத்தில் அப்போது ஒரு கோதா இருந்தது. குஸ்தி பழகுகிற பையன்கள் அங்கே தண்டால், பஸ்கி எடுப்பார்கள், கர்லாக்கட்டை சுற்றுவார்கள். இசக்கியை அங்கே சேர்த்தேன். வியர்வை எவ்வளவு கொட்டுகிறதோ அவ்வளவுக்கு உடம்பு ஏறும் என்பது என் கணக்கு. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். விடியும் முன்னால் வீட்டில் தண்டால், பகலெல்லாம் மண்டியில் மூட்டை, பொழுது சாய்ந்ததும் மேலகரத்தில் கர்லா. அது மாசி மாதம். பிசான அறுவடை முடிந்து வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இசக்கி சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்து தூங்கினான்.

பங்குனி பிறந்ததும் சணலைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று விரல் நுழைந்தது. சணலையும் எடுத்துக்கொண்டு மேலகரத்துக்கு நடந்தேன். கோதா வாத்தியாருக்கு எதையும் நிதானமாகக் கேட்கிற பழக்கம் கிடையாது. ஆனால், என் தம்பி பகலில் என்ன வேலை பார்க்கிறான் என்று நான் சொன்னதும் கர்லாக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை இசக்கி அதைச் சொல்லவே இல்லையாம். “நீ போடுத சோத்தை மூட்டை திங்குது. மிச்சத்தைத் தண்டால் திங்குது. அவன் திங்கதுக்கு என்னம்மா இருக்கு?”

இலையில் படுத்த ஆடு

வாத்தியார் புது ஏற்பாடு சொன்னார். மூட்டை அதிகமாக வருகிற மாதங்களில் தண்டாலும் வேண்டாம், கர்லாவும் வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் போதும். அமாவாசைக்கு மண்டி அடைப்பு. அதனால் அதற்கு முந்தின சாயங்காலம் மட்டும் நன்றாக உடம்பை வருத்திவிட்டு, மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டும். மண்டி ஓய்ந்த மாதங்களில்தான் உண்மையான பழக்கம். கேட்பதற்கு எனக்குப் பயமாக இருந்தது. சும்மா படுத்துக் கிடந்தால் எப்படிச் சதை வரும்? அவன் தூங்கும்போது இரண்டு தடவை எழுப்பி, "தூங்குறியாலே?" என்று கேட்டிருக்கிறேன்.

தூக்கம் என் கையில் இல்லை. சோறு என் கையில் இருந்தது. உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினேன். கடலையை ஊறவைத்துக் கொடுத்தேன். கறிக்குழம்பு வைக்கிற நாளில், நல்ல துண்டுகளாக எடுத்து அவன் இலையில் போட்டு மேலே சோற்றைக் குவித்து மூடிவிடுவேன். மூட்டைக்காரர்களுக்கு மேஸ்திரியாக இருந்த பலவேசம் எப்போதும் அவனுக்கு அடுத்த இலையில்தான் உட்காருவார். ஒரு நாள் அவர் இசக்கியின் சோற்றை விரலால் லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “மதினி, எங்க எலையில கொழம்பு ஓடுது. இசக்கி எலையில ஆடே படுத்துக் கெடக்கு.”

இடது தோள்

வருஷக் கணக்கில் ஒரே தோளில் மூட்டை சுமந்ததால் இசக்கிக்கு வலது தோள் தூக்கலாகவும் இடது தோள் சரிந்தும் இருந்தது. நெஞ்சும் அதற்குத் தக்கபடி ஒரு பக்கம்தான் விரிகிறது என்று வாத்தியார் கண்டுபிடித்தார். இடது கையால் கர்லா சுற்றச் சொன்னார். அதற்கு மண்டி ஓய்கிற வரை காத்திருக்க வேண்டும். இசக்கிக்குப் பொறுமை இல்லை. மூட்டையை இடது தோளில் வாங்கினால் வேலையும் ஆயிற்று, பழக்கமும் ஆயிற்று என்று அவனாகவே ஒரு யோசனை செய்தான். என்னிடம் சொன்னபோது எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

மண்டி வேலை எப்படி என்றால், இரண்டு பேர் மூட்டையை வீசித் தூக்குவார்கள்; சுமக்கிறவன் நின்றுகூடப் பார்க்காமல் வலது தோளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு பலகை மேல் ஏறிப் போய்விடுவான். பின்னாலேயே அடுத்தவன் வந்துவிடுவான். இசக்கி திடீரென்று இடது தோளைக் கொடுத்தான். தூக்கினவர்கள் கை பழக்கப்படி வலது பக்கம் வீசியது. மூட்டை அவன் கழுத்தை உரசிக்கொண்டு கீழே விழுந்து வெடித்தது. வரிசை முழுவதும் சுமையோடு நின்றது. பலவேசம் மேஸ்திரி சாயங்காலம் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “அவன் தோளு நேராகணும்னா ஆவட்டும் மதினி. அதுக்காக எங்க எல்லாரு கையையும் இடது பக்கம் திருப்ப முடியாதுல்லா.”

சாரலில் வளர்ந்த நெஞ்சு

ஆனியில் சாரல் விழுந்ததும் அவனையும் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போதுதான் வாத்தியார் சொன்ன பழக்கம். காலையில் தண்டால், பஸ்கி, அருவியில் குளியல், வயிறு நிறையச் சோறு, நல்ல தூக்கம், பொழுது சாய இடது கைக்குத் தனியாகக் கர்லா. குளிக்க வருகிற பெரிய மனிதர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டும் என்று இவன் கையைப் பார்த்துப் பலர் கூப்பிட்டார்கள். நல்ல கூலி. ஆனால் மூட்டை போய் எண்ணெய் வந்தால் என்ன லாபம்? நான் விடவில்லை. சணலைக் கடை வாசல் ஆணியில் மாட்டியிருந்தேன். வாரத்துக்கு வாரம் அது இறுகியது. ஆடி நடுவில் ஒரு நாள், நுனியை முடிச்சோடு சேர்த்தால் விரலே நுழையவில்லை. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இனிப்புப் பணியாரம் சும்மா கொடுத்தேன்.

சாரல் ஓய்ந்து தென்காசிக்குத் திரும்பினோம். வெயில் சுள்ளென்று அடித்தது. ஏட்டையாவைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே சணலைச் சுற்றினேன். ஒரு விரல் நுழைந்தது. கண்பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். ஊர் முழுக்க இருமியதுதான் மிச்சம். பலவேசம் மேஸ்திரி சணலை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். “ஈரத்துல சணல் சுருங்கும், காஞ்சா நீளும். மூட்டைக்காரங்களுக்குச் சோறு போடுத உங்களுக்கு இது தெரியாமயா பணியாரம் சுட்டிய?”

மாமா வந்தார்

ஆனால் மூன்று விரல் ஒரு விரலாகியிருந்தது நிஜம். அடுத்த வருஷமும் அதே ஏற்பாடு: அறுவடை மாதங்களில் சோறும் தூக்கமும், சாரல் மாதங்களில் தண்டாலும் கர்லாவும். ஆவணியில், காய்ந்த சணலை உச்சி வெயிலில் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். ஏட்டையா சுண்டுவிரலைத் திணித்துப் பார்த்தார், போகவில்லை. திருநெல்வேலியில் ஆள் எடுக்கப் போகிறார்கள், அனுப்பு என்றார்.

சேதி கேட்டு அச்சன்புதூர் மாமா வந்தார். இசக்கியைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, மாட்டுத் தரகர் மாதிரி சுற்றி வந்து பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பேச்சிக்கு வேறு இடம் வந்திருப்பதாகவும், சிவகிரியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்றும் போகிற போக்கில் சொன்னார். மாமா கிளம்பும்போது சொன்ன வார்த்தை இது: “ஆள் எடுத்தாச்சுன்னு சேதி வந்த மறுநாள் நிச்சயம் வச்சுக்கிடலாம். வரலைன்னா என்னைக் குத்தம் சொல்லப்படாது.”

இருமச் சொன்னார்கள்

இசக்கி விடிகாலை ரயிலில் போனான். நான் அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். சாப்பிட்டவர்கள் கூட ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். சாயங்கால ரயிலில் வந்து இறங்கினவன், இலையைப் போட்டு உட்கார்ந்து சோறு கேட்டான். அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டுத்தான் சொன்னான். உயரம் சரி. நெஞ்சு சரி. அளந்தவர், மூச்சை இழுத்தால் நன்றாக விரிகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் வேறு சொன்னாராம். அப்புறம் டாக்டர் எல்லோரையும் வரிசையாகத் துணியை அவிழ்த்து நிற்கவைத்து, அடிவயிற்றில் கை வைத்து இருமச் சொல்லியிருக்கிறார். இவனுக்குக் குடல் இறங்கியிருந்தது. பாரம் தூக்குகிறவர்களுக்கு வருகிறதுதான், இனிமேல் பாரமே தூக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் வருஷத்துப் பிசான அறுவடையிலேயே அடிவயிற்றில் வீக்கம் தெரிந்ததாம். மண்டியில் இன்னும் சிலருக்கும் அது உண்டாம். கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டால் வேலை ஓடும் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாத்தியாரிடம் சொன்னால் கோதாவை விட்டு நிறுத்திவிடுவார். என்னிடம் எப்படிச் சொல்வான்? கூடப் பிறந்தவளிடம் ஓர் ஆண்பிள்ளை சொல்கிற சங்கதியா அது? எனக்கு அழுகைகூட உடனே வரவில்லை. அவன்தான் என்னைத் தேற்றுகிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான்: “எக்கா, நாம நெஞ்சைத்தான் அளந்துக்கிட்டு இருந்தோம். அவுக இருமச் சொல்லிட்டாவ.”

பூப்போல இட்லி

பேச்சியைச் சிவகிரிக்குக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தேன். பெண் என்னைப் பார்த்து, "அவுக சாப்பிட்டாவளா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைக்கலாம் என்று ஏட்டையா சொல்லிப் பார்த்தார். இசக்கி அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். மண்டிக்குப் போகவில்லை. மேலகரத்துப் பக்கமும் போகவில்லை. என் கடையில் மாவாட்ட உட்கார்ந்தான். ஆட்டுக்கல் முன்னால் அந்த நெஞ்சோடும் தோளோடும் அவன் உட்கார்ந்திருப்பதை நான் நேராகப் பார்ப்பதில்லை. பாத்திரத்தை எடுக்கப் போனால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போவேன்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலத்தில் எங்கள் இட்லிக்குக் கூட்டம் நின்றது. உளுந்து அப்படி ஒரு நைசாக விழுந்தது. இடது கை சளைத்தால் வலது, வலது சளைத்தால் இடது. இரண்டும் ஒரே வாகுதான். குளிக்க வந்த ஏட்டையா, கணக்கில்லாமல் சாப்பிட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்: “இட்லி பூ மாதிரி இருக்கும்மா. அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத.”

இவன் உடம்பு ஏறவில்லையே, ஏறவில்லையே என்று இத்தனை வருஷம் கவலைப்பட்டேன். மூட்டை அதை எந்த இடத்தில் தின்றுகொண்டிருந்தது என்று மட்டும் கவலைப்படத் தவறிவிட்டேன், அதுவும் கவலைப்படுவதைத் தவிர வேறொன்றும் ஒழுங்காகத் தெரியாத நான்.