ஆளோட வரணுமா?

குழாய்க்குள் 'கொளக்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், ஐரீனக்காவின் தையல் மிஷின் நின்றுவிடும். கால் பெடலிலேயே இருக்கும், கண் மட்டும் கக்கூஸ் கதவுக்குப் போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பார். வராவிட்டால் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, நைட்டிக்குக் கழுத்துப் பட்டி வைக்கிற வேலையைத் தொடர்வார். வந்துவிட்டதோ, அன்றைக்குத் தையல் அவ்வளவுதான்.

எர்ணாவூரில் அவர் வீடு இருக்கும் சந்துக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. பெரிய தெருவோடு நின்றுவிட்டது. ஆகவே வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க். மணல் பூமி. கோடையில் எவ்வளவு விட்டாலும் குடித்துக்கொள்ளும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நிலத்துக்கே வாய்வரை தண்ணீர், அது யார் வீட்டுக் கழிவை வாங்கிக்கொள்ளும்? போனதெல்லாம் போன வழியே திரும்பப் பார்க்கும். இந்தக் கவலையிலேயே அக்காவுக்குப் பாதித் தலை நரைத்தது என்று சந்தில் கிண்டல் செய்வார்கள். அவர் அதை மறுப்பதில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது பின்பக்கம் போக எழுந்தால் முதல் கேள்வி, "ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?" பதிலைப் பொறுத்துத்தான் தண்ணீர். முன்னதற்கு ஒரு சொம்பு, பின்னதற்கு அரை வாளி. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரிடமும் இதையே கேட்டுவைத்தார். மனிதர் பாவம், ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு கோயிலுக்கே போய்ச் சேர்ந்தார்.

ஆசிட் பாட்டில் வாசற்படி தாண்டக் கூடாது. "உள்ள கீற பூச்சி அல்லாம் செத்துப்பூடும். அதுங்கதான் நமக்கு வேலை செஞ்சுகினு கீது," என்பார். துவைத்த தண்ணீர் தனி வாய்க்காலில் வாழைக்குப் போகும். தலை வாரினால் உதிர்ந்த முடி ஒன்றுகூடக் குழாய்ப் பக்கம் போகாது, சுருட்டிக் காகிதத்தில் வைத்துவிடுவார்.

இந்த வருடம் மகள் ஃப்ளோரா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஆபரேஷன் செய்த உடம்பு, கையில் பச்சைக் குழந்தை. அவளிடம் போய் அரை வாளிச் சட்டம் பேச முடியுமா? மழையும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் காலை கக்கூஸ் பீங்கானில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் விளிம்புவரை ஏறி நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஃப்ளோரா பக்கத்து வீட்டுக்கு நடந்து போனதைப் பார்த்தபோது ஐரீனக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கழிவை உறிஞ்சும் டேங்க் லாரிக்குப் பேசுவது கணவர் சவரிநாதனின் இலாகாவாக இருந்தது. ஹார்பரில் கிரேன் ஓட்டியவர், போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். லாரி வருகிற நாளில் "நீ உள்ள போயி கதவ சாத்திக்கோ, நாறும்," என்று சொல்லிவிடுவார். அக்காவும் ஊதுபத்தி கொளுத்திவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். வேலை முடிந்தது என்று குரல் வந்ததும் ஜன்னல் வழியாக இஞ்சி தட்டிப்போட்ட டீயை நீட்டுவார். டேங்க் சுத்தம் செய்வதில் அவர் கண்டது இவ்வளவுதான்.

இந்த முறை அவரே போன் செய்தார். லாரி டிரைவர் தவசிமுத்து, "வண்டி மட்டும் போதுமாக்கா, ஆளோட வரணுமா?" என்று கேட்டார். சந்துக்குள் லாரி நுழையாது. பெரிய தெருவிலிருந்து பல வாசல்களைத் தாண்டி ரப்பர் குழாயைத் தூக்கி வரவேண்டும். அதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஆளோடவே வாப்பா, நா ஒருத்தி இன்னா பண்ணுவேன்," என்றார்.

ஆளாக வந்தவர் பெயர் வெற்றி. நாற்பது வயதிருக்கும், ஒல்லி உடம்பு. இருவரும் கடப்பாரையால் மூடியை நெம்பித் தள்ளிக் குழாயை உள்ளே விட்டார்கள். தெருவில் லாரி உறுமியது. கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்ல யாரும் இல்லாததால் ஐரீனக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றார். மேலே இருந்த தண்ணீரெல்லாம் போனது. அடியில் இறுகிக் கிடந்த சகதி அசையவில்லை. வெற்றி சட்டையைக் கழற்றித் துவைக்கிற கல்மேல் போட்டுவிட்டு, இடுப்பில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

"இன்னா பண்றே?" என்றார் அக்கா.

"எறங்கி வெட்டி வுட்டாத்தான்க்கா மிஷின் இழுக்கும்."

ஆளோட வரச் சொன்னீங்களே என்றார் தவசிமுத்து. இப்படியே விட்டால் மழை முடிவதற்குள் மறுபடியும் பொங்கும், குழந்தை இருக்கிற வீடு என்று அவரும் நல்லதுக்குத்தான் சொன்னார். விஷவாயு தாக்கி இன்னார் இறந்தார் என்று டிவியில் வரும்போதெல்லாம் உச்சுக்கொட்டியவர் ஐரீனக்கா. அதெல்லாம் எங்கேயோ, யார் வீட்டிலோ நடப்பது. "வேணாம், நீ எறங்காதே," என்றார்.

வெற்றி சிரித்தார். "எனக்கு இன்னா புச்சாக்கா? அண்ணன் இருக்கசொல்ல ரெண்டு தபா இதே டேங்க்ல எறங்கிகீறேன். நீங்க கதவ சாத்திகினு இருந்தீங்க. அப்பால டீ குட்த்தீங்க, இஞ்சி போட்டு."

அந்த டீயை வாங்கிக்கொண்டது யார் கை என்று அக்கா ஒரு தரம்கூடக் குனிந்து பார்த்ததில்லை. சவரிநாதன்மேல் கோபம் வந்தது. உடனே, கேட்காமல் இருந்த தன்மேலும் வந்தது.

உள்ளேயிருந்து ஃப்ளோரா, முடிந்துவிட்டதா, பாத்ரூம் போகலாமா என்று குரல் கொடுத்தாள். இப்போதைக்குப் போகலாம். எத்தனை நாளைக்கு என்பதுதான் தெரியாது. அடியை எடுக்காமல் விட்டால் இந்த மழைக்காலம் முழுக்கத் தூக்கம் கிடையாது, அது அக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

"தண்ணி ஊத்தறேன். மேல நின்னுகினே கழியால கலக்கு. வர்றது வரட்டும், மிச்சம் கெடக்கட்டும்," என்றார்.

வெற்றிக்கு முகம் சுருங்கிவிட்டது. அரைகுறையாக விட்டுப் போனால் நாளைக்குத் தன் பேர்தான் கெடும் என்று முணுமுணுத்தபடி, குனிந்து கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

ஐரீனக்கா கல்மேல் கிடந்த சட்டையை எடுத்து இரண்டு உதறு உதறினார். குழிக்கும் வெற்றிக்கும் நடுவில் போய் நின்றார். வாடிக்கையாளருக்கு அளவு பார்க்கப் பிடிப்பது போலச் சட்டையின் இரண்டு தோளையும் விரித்து, அவர் கை நுழைக்க வாகாக நீட்டிப் பிடித்துக்கொண்டார்.